அப்பாவின் படத்துக்கு முன் எரிந்த பல்ப்

ஹாலிவுட் தயாரிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வந்தவரை நான் நம்பவில்லை. மதுரையில் பிறந்தவராம். அமெரிக்காவில் படப்பிடிப்புகளில் கோப்பி வாங்கிக் கொடுக்கத் தொடங்கி, முப்பது வருடத்தில் தயாரிப்பாளர் ஆனவராம். ஒருநாள் படப்பிடிப்புக்கு எங்கள் வீடு வேண்டும் என்றார். எங்கள் கதிரை, மேசைகளைத் தானே தூக்கி நகர்த்தி இடம் பார்த்தார்.

“பெரிய தயாரிப்பாளர் எண்டா ஏன் தானே கதிரை தூக்கிறார்? உவரை நம்பேலாது,” என்றேன் மனைவியிடம்.

“உங்களுக்கு ஆரைத்தான் நம்பேலும்?” என்றாள்.

படப்பிடிப்பு அன்று சாமி அறையைப் பூட்டினேன். அவளுக்கும் சொல்லாமல், வரவேற்பறையில் ஒரு சின்னக் கமெராவை ஒளித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் போனில் பார்த்தால், இறந்துபோன என் அப்பாவின் படத்தை அந்த மனிதர் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். பதறியடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

படம் மேசையில் இருந்தது. அதன் முன்னால் எப்போதும்போலச் சிவப்பு பல்ப் எரிந்தது. அவர் பக்கத்தில் நின்றார்.

“ஷூட்டிங்குக்காக அந்தச் சுவர்ல கரண்டை நிறுத்தணும்னாங்க சார். இந்த பல்பு அணையக் கூடாதுல்ல, அதான் கிச்சன்லேர்ந்து வயர் இழுத்தேன். எங்கப்பா தவறினப்போ நான் ஷூட்டிங்ல இருந்தேன். ஊருக்குப் போகல.” பிறகு, “நீங்க என்ன இந்த நேரத்துல?” என்றார்.

“போனை மறந்துபோனன். எடுக்க வந்தனான்.”

போன் என் கையில்தான் இருந்தது. அதில் நாங்கள் இருவரும் தெரிந்தோம். அவர் அதைப் பார்த்தார்.

“சரி, கிடைச்சிடுச்சுல்ல,” என்று சொல்லிவிட்டுக் கதிரை தூக்கப் போனார்.

கமெராவை அன்றே கழற்றிவிட்டேன். ஆனால் அந்தப் பொய்யை நான் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று சொல்லியிருந்தேன்.