நண்டு தோண்டிய மேடு

இறால் தோல் ஈர மண்ணுக்குள் அழுகும்போது ஒரு வாசனை வரும். முதலில் லேசாக இனிப்பது போலிருந்து, பிறகு தொண்டைக்குள் இறங்கிக் கசந்து நிற்கும். பழவேற்காடு ஏரிக்குள், பசியாவரத்துக்கும் அப்பால் ஒரு தீவில் இருந்த எங்கள் குப்பத்தில் அதை யாரும் நாற்றம் என்று சொல்லமாட்டார்கள்; "எரு வாசன" என்பார்கள். முருங்கையோ கத்திரியோ எதை நட்டாலும் அதன் வேரடியில் மீன் தலையையும் குடலையும் இறால் தோலையும் புதைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தால்தான் எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடந்தது. இன்றைக்கும் அந்த வாசனை வருகிற இடத்தில் நான் நிற்பதில்லை.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பின்னால், ஒரு கட்டில் போடுகிற அகலத்துக்கு ஒரு மேடு, அவ்வளவுதான். அதன் அடியில் என் தம்பி இருந்தான். அம்மாவுக்கு வலி எடுத்தது ஆடி மாதத்தில்; ஏரி வற்றிப் படகு தரைதட்ட, என் நைனாவும் பெரியப்பாவும் சேற்றில் இறங்கிக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தபோது, படகிலேயே அவன் பிறந்தான். அழவில்லை. ஊர்ச் சுடுகாடு பள்ளத்தில் இருக்கிறது, மழைக்காலத்தில் அங்கே ஏரித் தண்ணீர் ஏறிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். "என் புள்ள தண்ணிக்குள்ள கெடக்க மாட்டான்" என்று அம்மா பிடிவாதமாகச் சொல்ல, வீட்டாண்ட புதைக்கக் கூடாது என்று பெரியவர்கள் முணுமுணுத்ததையும் மீறி, நைனா அவனை அம்மாவின் மஞ்சள் புடவையில் சுற்றிப் பின்கட்டிலேயே புதைத்தார்.

அந்த இடத்தை யாரும் மிதித்துவிடக் கூடாது என்றுதான் அம்மா அங்கே பூச்செடி வைத்தாள். எங்கள் மணலில் உப்பைத் தவிர எதுவும் விளையாது. அதனால் நைனா காட்டூர் வயல்காரர்களிடம் கேட்டு, மூட்டை மூட்டையாக நல்ல மண்ணைப் படகில் ஏற்றிவந்து கொட்டினார். கரையிலிருந்து குடத்தில் வரும் குடிதண்ணீரில் தன் பங்கைப் பாதி குடித்து, மீதியைச் செண்டுமல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் ஊற்றுவாள் அம்மா. ஊற்றும்போது வாய்க்குள் ஏதோ பேசுவாள். நான் கிட்டே போனால் நிறுத்திவிடுவாள்.

நாய்க்குட்டியை நைனா கொண்டுவந்தது ஆவணியில். மீன் இறக்குகிற துறையில் கிடந்ததை லுங்கி மடிப்பில் வைத்துத் தூக்கிவந்து, "பாப்பாவுக்கு வெளாட" என்றார். பாப்பா என்பது நான். ஆனால் அவர் அதைச் சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார். உடம்பெல்லாம் கறுப்பு, கால் மட்டும் வெள்ளை. கீழே விட்டதும் விடாததுமாக முன்னங்கால் இரண்டாலும் மணலைப் பறித்து வளை போட ஆரம்பித்துவிட்டது. அதனால் "நண்டு" என்று பெயராயிற்று. நைனாவின் செருப்பு, வலையின் மிதவைக் கட்டைகள், என் பள்ளிக்கூடப் பையின் வார் என்று கிடைத்ததையெல்லாம் கடித்துக் குதறும் சனியன் அது. ஒருநாள் அது அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுக்க, நான் அடிக்கக் கை ஓங்கினேன். "பல்லு மொளைக்குது, ஊறும். கடிக்கட்டும் வுடு" என்று அம்மா சிரித்தாள். தம்பி போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

முதலில் நண்டு அந்த மேட்டின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. எல்லாம் நைனா செய்த வேலை. உப்புக் காற்றில் செடிகள் மஞ்சளடிக்க, அம்மா ஒவ்வோர் இலையாகத் தடவிப் பார்த்து வாடுவதை அவரால் சகிக்க முடியவில்லை. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போயிருந்த நேரத்தில், ஊரார் எல்லோரும் செய்வதைப்போலவே கெளுத்தித் தலைகளையும் இறால் தோலையும் வேரடியில் புதைத்துவிட்டார். ஆழமாகப் புதைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அந்த இடத்தில் ஆழமாகத் தோண்ட எந்தத் தகப்பனுக்குக் கை வரும்? மேலாக நாலு விரல்கடை கிளறி, மூடிவிட்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. நண்டு மேட்டைத் தோண்டுவதும் அம்மா துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும்தான் பொழுது. சீமைக் கருவேல முள்ளை வெட்டி நாலு பக்கமும் அடைத்தோம். அடியில் சந்து செய்துகொண்டு நுழைந்தது. மிளகாய்த்தூளைக் கரைத்துத் தெளித்தோம், தும்மிவிட்டுத் தோண்டியது. நைனா பழைய வலையைச் சுற்றிக் கட்டினார். இரவில் அது கடித்து வைத்த ஓட்டையை விடிந்ததும் உட்கார்ந்து பின்னுவார், மறுநாள் அது வேறு பக்கம் கடிக்கும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "நாயி மோப்பம் புடிச்சிடுச்சிமே" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் அம்மாவை அறுத்துவிட்டது. நாய் தம்பியைத் தேடித்தான் தோண்டுகிறது என்று அவள் நம்பினாள். மீன் தலைதான் காரணம் என்று நைனா அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், அவளைக் கேட்காமல் அந்த மேட்டில் கைவைத்ததையும் சொல்ல வேண்டுமே. அதனால் வாயை மூடிக்கொண்டு வலையைப் பின்னினார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், அம்மா வெறுங்கூடையோடு திரும்பி வந்தபோது நண்டு மேட்டுக்குள் தோள்வரை இறங்கியிருந்தது. பிறகு வெளியே வந்து, மண் அப்பிய எதையோ வாயில் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியபடி அவளிடமே ஓடிவந்தது. அம்மா போட்ட சத்தத்தில் நைனாவும் பெரியப்பாவும் ஓடிவந்தார்கள். நண்டு அவள் காலடியில் போட்டது ஒரு கெளுத்தித் தலை. நைனா தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். ஆனால் அம்மா அவரைத் திரும்பிப் பார்க்காமல் குழியைக் கையாலேயே மண் தள்ளி மூடினாள். "இந்த வூட்ல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள்.

நான் அழுது புரண்டதை யாரும் காதில் வாங்கவில்லை. ஏரி நடுவில், எங்களுக்கு வடக்கே, கருவாடு காயப்போடும் ஒரு மணல் "திட்டு" இருந்தது. "அங்க ஆளுங்க கீறாங்க, துன்னுட்டுக் கெடக்கும்" என்று சொல்லி நைனா அதைப் படகில் கொண்டுபோய் விட்டுவந்தார். விட்ட மறுநாளே வானிலை திரும்பியது. ஏரிக்குப் போகக் கூடாது என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். திட்டில் இருந்தவர்கள் கருவாட்டை அள்ளிக்கொண்டு கரையேறிவிட்டார்கள். நாயை யார் அள்ளுவார்கள்?

வாடைக் காற்று வடக்கேயிருந்து வீசும். அது எங்கள் வீட்டுக்கு மழையைக் கொண்டுவந்தது, கூடவே நண்டின் குரலையும் கொண்டுவந்தது. காற்று ஓங்கும்போது கேட்கும், தணிந்தால் நின்றுவிடும். காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்த என்னைத் தாண்டி, அம்மா எழுந்து போய்ப் பின்கட்டில் மழையில் நின்றாள். பிறகு உள்ளே வந்து நைனாவைப் பார்த்து, "நீ பொதைச்சத்தத்தான் அது தோண்டிச்சி. அது இன்னா பண்ணும்? அதும் பச்சக் கொழந்ததானேய்யா. போயி இட்டுணு வா" என்றாள். நைனா படகு தள்ளும் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரியப்பாதான் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நாயிக்கோசரம் நீ சாவப் போறியாடா?" என்றார். ஏரி இருந்த இருப்பில் அவர் சொன்னது நியாயந்தான். ஆனாலும் பெரியப்பாவோடு அம்மா நெடுநாள் பேசவில்லை.

அடுத்த நாள் பொழுது சாயும்வரை குரல் கேட்டது. பிறகு காற்று மட்டும் கேட்டது.

மழை விட்டதும் நைனா போனார். திட்டு இருந்த இடத்தில் கருவாட்டுப் பந்தலின் மூங்கில் நுனிகள்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தனவாம். அவர் திரும்பிவந்து படகைக் கட்டியதும் அம்மா தட்டை எடுத்தாள். சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை. அதே மழையில் ஏரி எங்கள் பின்கட்டுக்கும் ஏறி, காட்டூர் மண்ணைக் கரைத்துக்கொண்டு, செடிகளையும் வாரிக்கொண்டு போயிற்று. எந்தத் தண்ணீருக்குப் பயந்து அவனைச் சுடுகாட்டுக்கு அனுப்பவில்லையோ, அந்தத் தண்ணீர் வீடு தேடி வந்து அவன்மேல் நின்றது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை.

இப்போது அந்த வீடும் இல்லை, அது நின்ற மணலும் இல்லை. வருஷத்துக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் அரித்துத் தின்றுவிட்டது. நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அனுப்பம்பட்டில் வாடகைக்கு இருந்து, தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள். வாசலில் நான் ஆசையாக வைத்திருக்கும் நாலைந்து தொட்டிகளைத் தெருவில் திரிகிற ஒரு குட்டி போன வாரம் உருட்டிவிட்டு, மண்ணைப் பறித்து வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தோண்டட்டும் வுடு பாப்பா," என்றாள். "அதுக்கடியில இன்னா கீது?"