பேக்கிங் பலகையில் ஓர் ஆர்கன்

நான் பழைய நிட்டிங் மிஷின் வாங்கி விற்கிறவன். பெயர் பசீர் அகமது, மங்கலம் ரோட்டில் குடோன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் இது கிலோ என்ன விலைக்குப் போகும் என்றுதான் என் புத்தி முதலில் ஓடும். கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் மணமக்களை விட்டுவிட்டு மேலே தொங்குகிற பித்தளை விளக்கைப் பார்க்கிறேன் என்று வீட்டில் திட்டு வாங்குகிறவன். அப்பேர்ப்பட்ட என்னை வாயடைக்க வைத்தவர் ஒருவர்தான். அவர் ஜெபக்குமார், நிட்டிங் ஃபிட்டர்.

அவருக்கு ஊர் உடன்குடிப் பக்கம். இளவட்டமாக இருந்தபோதே ஹெல்பர் வேலைக்குத் திருப்பூர் வந்து, மிஷினுக்கு அடியில் படுத்துப் படுத்தே தொழில் பழகியவர். மனைவி அன்னபாக்கியமும் அவரோடு நிட்டிங் ஷெட்டில் வேலை பார்த்தவர்தான். குடியிருப்பது எங்கள் குடோனுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில். அங்கேயே தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய சர்ச். தெற்கேயிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள்தான் சபை முழுக்க. அதில் அன்னபாக்கியம் கீபோர்டு வாசிப்பார்.

நிட்டிங் ஷெட்டுக்குள் பேச்சு எடுபடாது. வட்ட மிஷின்கள் சுற்றுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அதனால் எல்லாம் கை ஜாடைதான். ஒரு விரலைக் கொக்கி மாதிரி வளைத்துக் காட்டினால் ஊசி போச்சு. முஷ்டியை மூடி ஆட்டினால் நூல் தீர்ந்துவிட்டது. உள்ளங்கையை நெஞ்சில் வைத்து மெதுவாக வயிறு வரைக்கும் இறக்கினால், துணி ஓட்டை விழாமல் சுத்தமாக இறங்குகிறது, நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அர்த்தம். பீகாரிலிருந்து வருகிற பையன்களுக்கும் தமிழுக்கு முந்தி இந்த பாஷை வந்துவிடும். ஃபிட்டருக்குக் கிடைக்கிற ஒரே பாராட்டு அந்தக் கடைசி ஜாடை.

அவர் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து புது மிஷின்கள் வாங்கியபோது ஓனர் இவரை அங்கே ட்ரெயினிங்குக்கு அனுப்பினார். ஒரு சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்து, பொழுது போகாமல் அந்தச் சின்ன ஊர் சர்ச்சுக்குள் நுழைந்திருக்கிறார். உள்ளே ஒரு ஆள் இல்லை. மாடியில் சுவர் உயரத்துக்குக் குழல்கள் அடுக்கிய ஆர்கன் நிற்கிறது. அதற்குள்ளிருந்து திடீரென்று ஒரு தலை எட்டிப் பார்த்து, ஜெர்மனில் என்னவோ சொல்லி, வாசிக்கிற கட்டைகளைக் கை காட்டியதாம். அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் எக்கார்ட். சர்ச் ஆர்கன் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவருக்குத் தொழில். ஆர்கனுக்கு சுருதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே குழல்களுக்கு நடுவில் நிற்க வேண்டும், இன்னொருவர் வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு எக்கார்டின் ஆள் வரவில்லை. அழுத்துகிறவருக்கு சங்கீதம் தெரிய வேண்டியதில்லை, விரல் இருந்தால் போதும்.

சாயங்காலம் வரைக்கும் ஜெபக்குமார் கட்டை அழுத்தினார். வேலை முடிந்ததும் எக்கார்ட் அவரை உள்ளே கூட்டிப் போய் டார்ச் அடித்து எல்லாவற்றையும் காட்டியிருக்கிறார்.

"உள்ள போயி பாத்தா நம்ம மிஷின் மாதிரித்தான் இருக்கு பாய்" என்று திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னார். "கட்டைய அமுக்குனா கம்பி இழுக்கு. கம்பி இழுத்தா வால்வு தெறக்கு. காத்து குழலுக்குப் போவுது. அம்புட்டுதான். ஆனா எல்லாக் குழலும் சேந்து பேசுனப்ப எனக்கு நெஞ்சு நடுங்கிட்டு."

கிளம்பும்போது எக்கார்ட் ஒரு சிறிய பழைய குழலை அவருக்குக் கொடுத்திருந்தார். பனியனில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார். நான் வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஈயம் கலந்தது, கால் கிலோகூடத் தேறாது என்றேன்.

அடுத்த வாரமே குடோனுக்கு வந்து நின்றார். ஜெர்மன் மிஷின்கள் பைன் மரப் பெட்டியில் வரும். மிஷினை எடுத்தபின் அந்தப் பலகைகளைக் கோழிப் பண்ணைக்காரர்களுக்குத் தள்ளிவிடுவோம். அதுதான் அவருக்கு வேண்டுமாம்.

"ஏனுங்க ஜெபம், இத்தனை பலகை எதுக்குங்க? கட்டில் செய்யப் போறீங்களா?"

"ஆர்கன் செய்யப் போறேன் பாய். சபைக்கு."

"செய்யுங்க, செய்யுங்க. மிச்சப் பலகையில அப்படியே ஒரு ஏரோப்ளேனும் செஞ்சு போடுங்க" என்றேன்.

அவர் காதில் வாங்கவே இல்லை. ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்து, ஆணி அடித்த இடத்தை ஒதுக்கி, நல்லதாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

வருஷக்கணக்காக நடந்தது அந்த வேலை. கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து, சர்ச்சுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பலகையை இழைப்பார். நான்கு பலகையை ஒட்டினால் ஒரு குழல். வாயை ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டிவிட்டால் அது ஊமை. ஊமையானதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை ஆரம்பிப்பார். சின்னக் குழல்களுக்குப் பித்தளை டியூப், வால்வுகளுக்கு ஈரோட்டிலிருந்து மெல்லிய ஆட்டுத்தோல். சந்தேகம் வந்தால் போட்டோ எடுத்து எக்கார்டுக்கு அனுப்புவார். அங்கிருந்து படம் வரைந்து பதில் வரும். "படுக்கையில பாதி எடத்துல குழலு கெடக்கு அண்ணே" என்று அன்னபாக்கியம் என்னிடம் முறையிடுவார். ஆனால் அந்தக் குழல்களுக்கு மேல் ஒரு தூசி உட்கார விடமாட்டார். நானும் கேலி செய்துகொண்டே அடிக்கடி போய் நின்றேன். எதற்காகப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆர்கன் முக்கால்வாசி எழும்பி நின்றபோது சுருதி சேர்க்க ஆள் இல்லையென்று என்னைக் கூப்பிட்டார். பள்ளிவாசலில் யாராவது கேட்டால் மிஷின் வேலைக்குப் போகிறேன் என்று சொல்வேன், அது பொய்யும் இல்லை. உட்கார்ந்து கட்டைகளை அழுத்தினேன். அடித் தொண்டையில் பேசுகிற பெரிய குழல்களெல்லாம் சரியாகச் சேர்ந்தன. வலதுபக்கக் கடைசிக் கட்டைகளுக்கு வந்தபோது குழல் என் காதைக் கிழித்துக்கொண்டு கத்துகிறது. உள்ளேயிருந்து ஜெபக்குமார் கேட்கிறார்.

"அமுக்குங்க பாய். இன்னும் அமுக்கலியா?"

"அமுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். கேக்கலீங்களா?"

ஜெபக்குமார் வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஷெட் இரைச்சலில் காது நரம்பு தேய்ந்துவிட்டதாம். கீச்சுச் சத்தம் முதலில் போகும், பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் போகும், மருந்து இல்லை என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"முழுசாப் போறதுக்குள்ள ஒரே ஒருக்க, அவ வாசிக்க, சபை பாட, நான் இதக் கேட்டுரணும் பாய்" என்றார். "அதுக்குத்தான் இப்படி ஓடுதேன்."

அன்றிலிருந்து நான் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

அசனப் பண்டிகை அன்று ஆர்கனைப் பிரதிஷ்டை செய்வதாக ஏற்பாடு. அசனம் என்பது தெற்கத்திக் கிறிஸ்தவர்கள் சபையாகச் சேர்ந்து சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. வெளியே அண்டாவில் சோறு வெந்துகொண்டிருக்க, உள்ளே போதகர் ஜெபம் செய்து முடித்தார். அன்னபாக்கியம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஆர்கன் முன்னால் உட்கார்ந்தார். ஜெபக்குமார் பக்கத்தில் கண்ணை மூடி நின்றார். நான் கடைசிப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன்.

முதல் சரணம் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவதில் நடுவில் ஒரு குழல் ஊமையானது. அடுத்து இன்னொன்று. அப்புறம் உச்சியில் ஒரு சின்னக் குழல் பிடித்துக்கொண்டு அலறத் தொடங்கிற்று. அன்னபாக்கியம் இரண்டு கையையும் தூக்கிவிட்டார், அது நிற்கவில்லை. பாட்டு நின்றது, குழந்தைகள் காதைப் பொத்தின. ஜெபக்குமார் மட்டும் கண்ணை மூடியபடி நின்றுகொண்டிருந்தார், அவருக்கு அந்த அலறல் கேட்கவில்லை. சபை பாடுவது நின்றுவிட்டது தெரிந்து கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அன்னபாக்கியம் ஒரு விரலைக் கொக்கியாக வளைத்துக் காட்டினார்.

பழைய கீபோர்டை எடுத்துவந்து ஆராதனையை முடித்தார்கள். ஜெபக்குமார் பந்திக்கு வரவில்லை. நான் தேடிப் போனபோது ஆர்கனின் பின்பலகையைக் கழற்றிவிட்டு, ஒரு வால்வைக் கையில் வைத்திருந்தார். விரலால் தோலைத் தேய்த்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். மோந்ததும் தெரிந்துவிட்டது. திருப்பூரில் அந்த வாசனை தெரியாதவர் கிடையாது. நீடில் ஆயில், மிஷின் ஊசிக்கு விடுகிற எண்ணெய்.

ஆர்கனின் துருத்திக்குக் கம்ப்ரஸரிலிருந்துதான் காற்று கொண்டு வந்திருந்தார். நிட்டிங் மிஷினுக்குக் காற்று லைன் இழுத்தால் கூடவே ஒரு ஆயிலர் மாட்டுவார்கள். அது காற்றோடு எண்ணெயைப் பனி மாதிரி கலந்து அனுப்பி ஊசிகளைத் தேயாமல் காப்பாற்றும். இங்கேயும் மாட்டியிருந்தார். சோதனை ஓட்டம் ஓட்டிய மாதங்களிலெல்லாம் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்த் தோலை ஊறவைத்து, நம் ஊர்ப் பஞ்சுத் தூசியை இழுத்துப் பிசினாக்கி, அன்றைய கூட்டத்தின் சூட்டில் வால்வுகளை ஒட்டிப் பிடித்துவிட்டது.

"ஏர் லைன் போட்டா ஆயிலர் போடணும். முப்பது வருசப் பழக்கம். கை தானா மாட்டிட்டு பாய்" என்றார்.

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

எண்ணெய் குடித்த பலகை எதற்கும் ஆகாது. குழல்களுக்கு அடியில் இருக்கும் காற்றுப் பெட்டியை முழுசாகப் புதிதாகச் செய்ய வேண்டும், எல்லா வால்வுக்கும் தோல் மாற்ற வேண்டும், குழல்களைத் துடைத்துக் காயவைத்துத் திரும்ப சுருதி சேர்க்க வேண்டும். எக்கார்டுக்குப் போட்டோ அனுப்பினார். எங்கள் ஊரில் எலிதான் தோலைத் தின்னும், எண்ணெய் எனக்கும் புதுசு, மறுபடி ஆரம்பியுங்கள் என்று பதில் வந்தது.

"அதுக்குள்ள உங்க காது..." என்று இழுத்தேன்.

"இருக்காது பாய்."

"அப்புறம் யாருக்காக இத்தனை பாடுங்க?"

"சபைக்குக் காது இருக்குல்லா" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நான் வெளியே வந்தேன்.

குடோனில் பெட்டி பிரிக்கும்போதெல்லாம் இந்த முறை நானே நல்ல பலகையாகப் பார்த்து ஒதுக்கி வைத்தேன். வேலை மறுபடி வருஷத்தைத் தின்றது. டாக்டர் சொன்ன மாதிரியே அவருக்கு முதலில் குருவிச் சத்தம் போயிற்று, பிறகு குக்கர் விசில், பிறகு நான் கூப்பிடுவது. கடைசியில் எதுவுமே இல்லை. கம்ப்ரஸர் போய், மின்விசிறி மாதிரி சுற்றுகிற ஒரு ப்ளோயர் வந்தது. அதில் எண்ணெயின் வாடையே கிடையாது.

காது கேட்காதவர் ஆர்கனுக்கு சுருதி சேர்ப்பதை நான் கண்ணால் பார்த்தேன். பார்க்காவிட்டால் நானே நம்பியிருக்கமாட்டேன். பெரிய குழல்களுக்கு ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையைக் குழல் மேல் வைத்து, பிடியைப் பல்லில் கடித்துக்கொள்வார். இரண்டு குழல் ஒத்துப் போகாவிட்டால் அந்த அதிர்வு விட்டு விட்டு அடிக்குமாம். ஒத்துப் போனால் அடங்கிவிடும். மிஷின் பேரிங்கை அவர் சோதிக்கிற முறையே அதுதான். சின்னக் குழல்களுக்குப் பல்லும் உதவாது. அதற்கு அன்னபாக்கியத்தின் காது. பலகை இடுக்கு வழியே அவருக்குத் தெரிகிற இடத்தில் அந்த அம்மா நிற்பார். நான் கட்டையை அழுத்துவேன். ஏற்றவேண்டுமென்றால் கை மேலே போகும், இறக்கவேண்டுமென்றால் கீழே வரும். உள்ளே அவர் குழலின் மேல் முனையை ஒரு துளி அசைப்பார். அந்த அம்மா கண் கலங்கியபடியே கையை ஏற்றி இறக்கினார், ஒரு குழலுக்குக்கூட போதும் போ என்று விட்டுக்கொடுக்கவில்லை. மூவருமாகச் சேர்ந்து ஒவ்வொரு குழலாக முடித்தோம். இப்படிப்பட்ட மனுசர்களோடு ஒரே தெருவில் இருக்கிறோமே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

வேலை முடிந்து வந்த அசனத்தில் அதே பட்டுச்சேலை, அதே பாட்டு. முதல் சரணம் போயிற்று. இரண்டாவது வந்தபோது நான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் பெரிய குழல்களும் சேர்ந்துகொண்டன. கூரைத் தகரம் அதிர்ந்தது, நாற்காலிக் கால் வழியாக ஏறி என் முதுகெலும்பில் அதிர்ந்தது. கோழிக் கூண்டுக்குப் போகவேண்டிய பலகையா இப்படிப் பேசுகிறது என்று நம்பமுடியாமல் உட்கார்ந்திருந்தேன். கிலோ கணக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஜெபக்குமார் ஆகப் பெரிய மரக்குழலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மனைவியின் விரல்களையே பார்த்து நின்றார். விரல்கள் நின்றன. பாட்டு முடிந்தது. அவர் சபைப் பக்கம் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது விரலை வளைக்கிறார்களா என்று தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது.

சர்ச்சில் கை தட்டுகிற வழக்கம் இல்லை, தட்டினாலும் அவருக்குக் கேட்காது. முன்வரிசையில் அவரோடு ஷெட்டில் வேலை பார்க்கிற காசிமாயன் எழுந்தார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து மெதுவாக வயிறு வரைக்கும் இறக்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்து அதையே செய்தார். பிறகு அந்த வரிசை, அதற்கடுத்த வரிசை. ஷெட்டையே பார்த்திராத போதகரும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். தகரக் கூரைக்குக் கீழே ஒரு சத்தமில்லாமல் அத்தனை கைகளும் நெஞ்சிலிருந்து இறங்கின. நானும் எழுந்து நின்று இறக்கினேன்.

கடைசியாக அன்னபாக்கியம் பெஞ்சிலிருந்து திரும்பி, அவர் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கினார். அதற்குப் பிறகுதான் ஜெபக்குமார் குழலிலிருந்து கையை எடுத்தார்.