நான் சுரண்டி எடுத்த நீலப் பசை

மார்கரெட் அம்மாவின் இடது மணிக்கட்டு முறிந்ததற்கு அவருடைய பழைய பலகைதான் காரணம் என்று அந்த ஓட்டலில் எல்லாரும் பேசினார்கள். காரணம் பலகை இல்லை, நான். அது தெரிந்த ஒரே ஆளும் நான்தான். தெரிந்தும் ரெண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

வலங்கைமான் பக்கம் டிராக்டர், பவர் டில்லர் வேலை பார்க்கிற தம்பிகள் சிலர் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். "அங்க வேலை எப்படிண்ணே, கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார்கள். குளிர், சாப்பாடு, ரூம் எல்லாம் போன மறுநாளே தெரிந்துவிடும். அதற்கெல்லாம் நான் எழுத வேண்டியதில்லை. இதை எழுதுகிறேன்.

1. பம்ப்செட் ஆள் பனிக்குப் போனது

என் தொழில் பம்ப்செட். ஆயில் இன்ஜின், போர் மோட்டார், அப்புறம் டிராக்டர். நாற்பது வயதுக்கு மேல்தான் கனடா போனேன். குத்தாலத்து மணி அங்கே ஒரு மலை ஓட்டலில் சமையல் வேலையில் இருந்தான். "ஓட்டலுக்கு மெயின்டெனன்ஸ் ஆள் வேணுமாம், வர்றீங்களாண்ணே?" என்று போன் போட்டான். பாய்லர், ஹீட்டர், குழாய், இவ்வளவுதான் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அந்த ஓட்டலில் பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற கடையும் ஒன்று இருந்தது. நான் ஒருநாள் கதவுக் கீல் ஒன்றை அரம் போட்டுக்கொண்டிருந்ததைக் கடை மேனேஜர் ப்ரையன் பார்த்தார். "உனக்கு அரம் பிடிக்கத் தெரியுது, கடைக்கு வந்துடு" என்றார். போனேன். அவர்கள் எல்லாரும் பேசியது இங்கிலீஷ். எனக்கு விளங்கியபடி நம்ம பேச்சில் எழுதுகிறேன்.

ஸ்னோபோர்டு என்பது ஒரே பலகை. ரெண்டு காலையும் அதில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்று பனியில் இறங்க வேண்டும். ஓரத்தில் இரும்பு எட்ஜ் இருக்கும். அதைக் கூராக்குவது, அடியில் மெழுகு போடுவது, காலைப் பூட்டுகிற பைண்டிங்கை மாட்டிக் கொடுப்பது, இதுதான் என் பெஞ்ச் வேலை.

நீங்கள் சிரிப்பதற்கு ஒன்று சொல்கிறேன். முதல் வாரமே காலைப் பூட்டாமல் ஒரு பலகை மேல் ஏறி நின்றேன். சேற்றில் பரம்பு அடிக்கும்போது மாட்டுக்குப் பின்னால் பலகையில் நின்ற காலாச்சே, இது என்ன பெரிய வித்தை என்று ஒரு தெனாவட்டு. பரம்பில் முன்னால் சாய்ந்தால் பலகை சேற்றில் குத்திக்கொள்ளும், பின்னால் சாய்ந்துதான் நிற்போம். அதே மாதிரி நின்றேன். பனியில் பின்னால் சாய்ந்தால் பலகை நம்ம பேச்சைக் கேட்காது. அது பாட்டுக்குப் போய்விட்டது, நான் மல்லாந்து கிடந்தேன். மணி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்து, ராத்திரி சாப்பாடு வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஊர்ப் பழக்கம் அந்தத் தடவை என் முதுகோடு போனது. அடுத்த தடவை இன்னொருத்தர் கையில் போய் விடிந்தது.

2. ஒல்லிப் பலகை

மார்கரெட் அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவருடைய பலகையை முதலில் பார்த்தபோது இதை எதற்கு வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது வருகிற பலகைகள் அகலமாக, வளைந்து கொடுக்கிற மாதிரி இருக்கும். இது ஒல்லி, நீளம், பின்பக்கம் வெட்டிவிட்டது போல நேராக இருந்தது. மேல் பெயின்ட் பாதி போயிருந்தது. காலுக்கு மெத்தென்ற பூட்ஸ் இல்லை, கெட்டிப் பிளாஸ்டிக் பூட்ஸ். பைண்டிங்கும் வெறும் உலோகத் தட்டு. கார்விங் போர்டு என்பார்கள். உடம்பைப் பக்கத்தில் படுக்கப் போட்டு, எட்ஜ் ஒன்றின் மேலேயே பனியை அறுத்துக்கொண்டு போவதற்கென்று செய்தது. அந்த மலையில் அதை ஓட்டியவர் அவர் ஒருத்தர்தான்.

காலையில் மெஷின் விட்டுப் பனியைச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள், விதைக்குமுன் நாற்றங்காலை மட்டம் போட்ட மாதிரி. முதல் ஆளாக அவர்தான் இறங்குவார். அவர் போன பிறகு பார்த்தால் பேனாவால் கீறியதுபோல் ஒரே ஒரு மெல்லிய கோடு மேலிருந்து கீழ்வரைக்கும் வளைந்து வளைந்து வரும். மற்றவர்கள் போனால் பனி சிதறிக் கிடக்கும். நான் பாய்லர் ரூம் வாசலில் நின்று தினமும் பார்ப்பேன். சொன்னால் என்ன, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் கேட்டேன். "புதுசு ஒண்ணு வாங்கக் கூடாதா மேடம்?"

"வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாத்தேன். நான் தப்புப் பண்ணா அது மன்னிச்சு விட்டுடுது. இது விடாது. எனக்கு இதுதான் வேணும்."

ப்ரையனுக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது. "அந்தப் பழைய குப்பைய வாங்காதே, ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையில விடியும்" என்பார். நான் கேட்கவில்லை. வாங்கினேன்.

3. கிரீஸ்

அந்த வருஷம் அவருக்கு முழங்கால் வலி. நிற்கிற கோணத்தைக் கொஞ்சம் மாற்றி பைண்டிங்கை மாட்டித் தரச் சொன்னார். ஒரு பைண்டிங்குக்கு நாலு ஸ்க்ரூ, மொத்தம் எட்டு. எட்டையும் கழற்றினேன். ஒவ்வொன்றின் திருகு மரையிலும் நீலமாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பழைய பலகைதானே, வருஷக்கணக்கில் சேர்ந்த அழுக்கு என்று நினைத்தேன். ஊசி வைத்துச் சுரண்டி, துணியால் துடைத்து, எட்டையும் பளபளவென்று ஆக்கினேன். அப்புறம் என்ன செய்தேன் என்று உங்களுக்கே தெரியும். கிரீஸ் தடவினேன்.

நம்ம ஊரில் கிரீஸ் தடவாமல் போல்ட் முடுக்குகிறவனை நான் மெக்கானிக் என்றே சொல்ல மாட்டேன். சேறும் தண்ணியுமாகக் கிடக்கிற இன்ஜினில் வெறும் போல்ட் போட்டால் அடுத்த போகத்துக்குள் துருப் பிடித்து இறுகிவிடும், சுத்தியல் இல்லாமல் வராது. அடுத்துக் கழற்றுகிறவன் நம்மைத் திட்டக் கூடாது என்பதுதான் எங்கள் மரியாதை. அந்த மரியாதையைத்தான் மார்கரெட் அம்மாவுக்கும் செய்தேன்.

மூணாம் நாள் காலை பதினோரு மணிக்கு மீட்பு ஆட்கள் அவரை ஸ்லெட்ஜ் என்கிற சறுக்குவண்டியில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். வேகமாகத் திரும்பும்போது பின்கால் பைண்டிங் கழன்றிருக்கிறது. ஓரத்துப் பனிக்குவியலில் போய் விழுந்ததால் மணிக்கட்டோடு போயிற்று. பத்தடி தள்ளி இருந்தால் மரங்கள். ஆம்புலன்ஸ் போன பிறகு பலகையைக் கொண்டுவந்து என் பெஞ்சில் சாய்த்தார்கள். ப்ரையன் எட்டிப் பார்த்தார்.

"சொன்னேனா இல்லையா? பழைய சாமான். உள்ள எல்லாம் செத்துப் போயிருக்கும்."

ரெண்டு ஸ்க்ரூ காணோம். ரெண்டு தொங்கிக்கொண்டிருந்தன. அவர் போனதும் முன்கால் ஸ்க்ரூவில் விரலை வைத்தேன். ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம், விரலுக்கே சுழன்றது. மரை முழுக்க என் கிரீஸ். பலகையில் ஒரு துவாரம்கூடக் கெடவில்லை.

அலமாரியில் புது பைண்டிங் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். புது ஸ்க்ரூவிலும் அதே நீலம். பக்கத்திலேயே ஒரு சின்ன பாட்டில், நான் வந்த நாளிலிருந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தது. எடுத்துப் படித்தேன். அதிர்வில் ஸ்க்ரூ கழலாமல் பிடித்துக்கொள்ளும் பசை. அடக் கடவுளே! பனிக்கட்டி மேல் தடதடவென்று அதிர்ந்து போகிற பலகையில், பிடித்துக்கொண்டிருந்ததைச் சுரண்டி எறிந்துவிட்டு வழுக்கல் தடவி அனுப்பியிருக்கிறேன்.

4. ரெண்டு நாள்

என் வேலை பெர்மிட் அந்த ஓட்டலோடு கட்டினது. அவர்கள் வேண்டாம் என்றால் ஊருக்குத்தான். மணியிடம் மட்டும் சொன்னேன்.

"அண்ணே, பேசாம இருங்க. பலகை பழசுன்னு மேனேஜரே சொல்லிட்டாரு. அந்தம்மாவும் ஒண்ணும் கேக்கல. நீங்களா போயி ஏன் தலையைக் குடுக்குறீங்க?"

எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. மறுநாள் மார்கரெட் அம்மா கையில் மாவுக்கட்டோடு கடைக்கு வந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தார்.

"ப்ரையன் சொன்னது சரிதான். எனக்கும் இதுக்கும் வயசாயிடுச்சு. இனிமே பனிக்கு வரல. இத எடுத்துட்டுப் போய்ச் சுவத்துல மாட்டிடுறேன். கை ஆறினதும் வர்றேன், அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்."

பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனார். கை முறிந்தது ஒன்று. அது ஆறிவிடும். ஆனால் நான் செய்த தப்புக்கு ஒரு மனுஷி தன் சந்தோஷத்தையே மூட்டை கட்டி வைக்கிறாள், நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாள் காலை, ஊரில் விளக்கு வைக்கிற நேரம், வீட்டுக்கு போன் போட்டேன். என் மனைவி விஜயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

"ஏங்க, இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? விழுந்தது நானா?"

"வேலை போயிடும்டி."

"போனா வாங்க. இங்க நம்ம பம்ப்செட் கடைச் சாவி ஆணியிலதான் தொங்குது. அந்தம்மா தன்னால விழுந்துட்டோம்னுல்ல நெனச்சிக்கிட்டு இருக்கும்? மொதல்ல அங்க போயி சொல்லுங்க. வையுங்க போனை."

வைத்துவிட்டாள்.

5. சொன்னது

ப்ரையனிடம் ஸ்க்ரூவையும் பாட்டிலையும் சேர்த்து வைத்துச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. கத்தினார். அப்புறம் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"யாருக்கும் தெரியாதே. இப்போ ஏன் சொல்ற?"

"அவங்க பலகைய சுவத்துல மாட்டி வைக்கப் போறாங்க சார். அதுல ஒரு குறையும் இல்ல."

மார்கரெட் அம்மாவை அவரே போனில் கூப்பிட்டார். வந்ததும் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என் இங்கிலீஷ் அன்றைக்கு ரொம்ப மோசம். ஸ்க்ரூவை விரலால் சுழற்றிக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பரவாயில்லை என்று சொல்வார் என எங்கேயோ ஒரு ஆசை இருந்தது. சொல்லவில்லை.

"கைய உடைச்சது தெரியாம செஞ்சது. அது போகட்டும். ரெண்டு நாள் நான் இந்தப் பலகைய வெறுத்தேன். என்னையே வெறுத்தேன். நேத்து உன் முன்னாலதானே நின்னு பேசினேன்? அப்போ உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மேடம்."

ஒரு கையாலேயே பலகையைத் தூக்கி இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்குக் கதவைத் திறந்துவிடக்கூட எனக்கு முகம் இல்லை.

மேலிடத்துக்கு ப்ரையன் எழுதினார். அவர்கள் என்னை அனுப்பவில்லை. ஆனால் அந்த சீசன் முழுக்கப் பெஞ்ச் பக்கம் வரக் கூடாது என்றார்கள். மண்வெட்டி எடுத்து வாசலில் பனி தள்ளினேன். ஒருநாள் காலை மேட்டில் அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தேன். வேறு கடையில் பைண்டிங்கை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மண்வெட்டியை ஊன்றி நின்று அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த குளிர்காலம் நான் திரும்பவும் பெஞ்சில். மார்கரெட் அம்மா வந்து பலகையை என் முன்னால் வைத்தார். ப்ரையன் பதறிப்போய், "வேற ஆளைச் செய்யச் சொல்றேன்" என்றார்.

"வேண்டாம், அவனே செய்யட்டும். நான் நின்னு பாக்குறேன்."

நின்றார். எட்டு ஸ்க்ரூவுக்கும் ஒவ்வொரு சொட்டுப் பசை விட்டு முடுக்கினேன். முடித்ததும் கையை நீட்டி டிரைவரை வாங்கினார். எட்டையும் ஒவ்வொன்றாகத் தானே திருகிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு எடுத்துப் போனார்.

நான் ஊர் திரும்புகிற வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். எங்களுக்குள் பேச்சு சகஜமாகிவிட்டது, என் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் விசாரிப்பார். ஆனால் டிரைவரை வாங்காமல் ஒரு தடவையும் போகவில்லை. பழைய சாமான் கெட்டுப் போனால் அதன் வயதைச் சொல்வதற்கு முன்னால், கடைசியாக அதைக் கழற்றினது யார் கை என்று பாருங்கள். அது உங்கள் கையாக இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள் தம்பிகளா. நான் ரெண்டு நாள் தள்ளிச் சொன்னேன். அந்த ரெண்டு நாளுக்காகத்தான் அவர் வருஷா வருஷம் எட்டு ஸ்க்ரூவையும் திருகிப் பார்த்தார்.