மேயரின் போணி

யார் எதிரில் வந்து நின்றாலும் மேயர் சம்பக்லால் ரேஷம்வாலாவின் விரல்கள் முதலில் போவது வந்தவரின் சட்டை நுனிக்குத்தான். தடவிப் பார்த்துவிட்டு, "எந்தக் கடைக்காரன் உன்னை ஏமாத்துனான்?" என்பார். கமிஷனருக்கும் இதே விசாரணைதான். சூரத்தில் முப்பது வருஷம் சேலை மொத்த வியாபாரம் பார்த்த கை; ஊரையே தூக்கிக் கொடுத்தாலும் சும்மா இருக்குமா?

வசவில்லாமல் அவருக்குப் பேச்சு வராது. சூரத்துக்காரர்கள் அதையெல்லாம் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. மாமன்றத்தில் மட்டும் பாதி வார்த்தையில் நாக்கைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடிப்பார். எதிர்க்கட்சிக்காரர்களே எழுந்துபோய் டம்ளரை நிரப்பி வைப்பார்கள்.

கடையிலிருந்து கூடவே கொண்டுவந்த இன்னொரு பழக்கம் போணி. முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் விளங்காது. மேயர் அறையிலும் அதே சட்டம். காலையில் முதலில் நுழைகிறவர் கேட்பது நியாயமாக இருந்தால், அது முடியும்வரை அடுத்தவர் உள்ளே வர முடியாது. மந்திரியே வெளியே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் முதல் ஆளாக வந்தவள் ஜசுபென். துணி மார்க்கெட்டில் கைவண்டியில் பேல் பேலாகத் துணிமூட்டை இழுப்பவள்.

"சேட், எங்க சந்துல ஒரு கடைப்படி ரோட்டுக்கு நீட்டிக்கிட்டு நிக்குது. வண்டியை ஒடிச்சுத் திருப்பினா சாக்கடையில இறங்குது. நேத்து பேல் கவுந்து சேலையெல்லாம் நாசம். இனிமே உனக்கு லோடு கிடையாதுன்னு வியாபாரிங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. வண்டி ஓடலைன்னா என் வீட்டுல அடுப்பெரியாது."

"எந்தக் கழுதைப்பய கடை அது?"

"உங்களுதுதான்."

உதவியாளர் மேத்தா பதறி ஓடிவந்தார். "ஜசுபென், நீங்க அப்புறமா வாங்க. வேற யாரையாவது முதல்ல அனுப்பிட்டு..."

"போணியை மாத்துறியாடா, மடப்பயலே!" என்று கத்தினாரே தவிர, மேயரின் முகம் வெளிறிவிட்டது. அவை அப்பா போட்ட பளிங்குப் படிகள். இப்போது கடையை நடத்தும் அண்ணன் ஹரிவதன், தீபாவளிதோறும் அவற்றில் குங்குமத்தால் லட்சுமி பாதம் வரைகிறவர். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு இவர் பேசியதே இல்லை.

ஆனாலும் எழுந்தார். ஜசுபென்னைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு, வழியில் ஒரு கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

ஹரிவதன் படியில் நின்று மறித்தார். "உன் மேயர் உத்தியோகத்தை ஆபீஸோட வச்சுக்கோ. பண்டிகை நேரத்துல படியை இடிச்சா லட்சுமி எப்படிடா ஏறி வருவா?"

மேயர் வாயில் ஒரு வசவுகூட வரவில்லை.

"அண்ணா, நம்ம கடை சரக்கு எல்லாம் இவங்க வண்டியிலதான் போகுது, வருது. இவங்க வீட்டு அடுப்பை அணைச்சுட்டு நாம லட்சுமியைக் கூப்பிட்டா, அவ வருவாளா?"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். ஜசுபென்னைப் பார்த்தார். படியைவிட்டு விலகிக் கடைக்குள் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் படிகள் போய், சந்து நேராகிவிட்டது. கடைவாசல் இப்போது இடுப்புயரத்தில் அந்தரத்தில் நின்றது. ஜசுபென் காலி வண்டியின் கைப்பிடியைப் பற்றியபடி நின்றாள். வழி கிடைத்துவிட்டது; ஏற்றத்தான் ஒன்றுமில்லை.

உள்ளேயிருந்து இழுபடும் சத்தம் கேட்டது. ஹரிவதன் வியர்க்க விறுவிறுக்க ஒரு பேலை வாசல் விளிம்புவரை தள்ளிக்கொண்டு வந்தார். "ஏய் பென், வண்டியை ஒட்டி நிறுத்து. இன்னும் நாலு கெடக்கு."

மேயர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, பேலுக்குக் கீழே தோளைக் கொடுத்தார்.