நான் பல் தலைவியாக இருந்த மாதம்

எங்கள் வீட்டில் யார் வாய்க்குள் என்ன இருக்கிறது என்பது ஒரு காலத்தில் எனக்கு மட்டும்தான் முழுமையாகத் தெரியும். நாட்டில் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் இருக்கும். புத்தளத்தில், பாலாவிப் பக்கத்தில் இருந்த எங்கள் பாடசாலைக்கு மாதம் ஒரு தடவை பிள்ளைகளின் பல்லைப் பார்க்க ஆஸ்பத்திரியில் இருந்து பல் மிஸ் வருவார். நாலாம் ஆண்டில் சூத்தைப் பல் இல்லாத ஒரே பிள்ளை நான் என்று கண்டுபிடித்து, 'பல் தலைவி' என்று எழுதிய அட்டையை என் சட்டையில் குத்திவிட்டார். காலையிலும் படுக்க முன்னும் வீட்டில் எல்லோரும் பல் தீட்டுகிறார்களா என்று பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வர வேண்டும். அவர் சொன்னது அவ்வளவுதான். பதவி என்றால் சும்மாவா? மிச்சத்தை நானே சேர்த்துக்கொண்டேன்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுகை முடிந்ததும் டோர்ச் லைட்டோடு கிணற்றடியில் நிற்பேன். உம்மா முணுமுணுத்துக்கொண்டே வாயைத் திறப்பார். தம்பி பேஸ்ட்டைத் தின்பதைக் கையும் களவுமாகப் பிடித்தேன். எங்களோடு இருந்த சாச்சாவுக்கு, அதாவது வாப்பாவின் தம்பிக்கு, மோட்டார் சைக்கிளில் விழுந்ததில் இருந்து முன்பற்கள் கட்டுப்பல். ஒருநாள் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "நீயே தீட்டித் தா புள்ள, நான் செய்தி பாத்துட்டு வாறேன்" என்று போய்விட்டார். 'சாச்சா – பல் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை' என்று எழுதினேன்.

வாப்பா மட்டும் பிடிகொடுக்கவில்லை. உப்பளத்தில் வேலை. விடிந்ததில் இருந்து வெற்றிலையும் புகையிலையும் அவருடைய இடது கன்னத்துக்குள் கிடக்கும். "தீட்டிட்டேன் மகள், எழுதிக்கோ" என்பார். காட்டச் சொன்னால் நழுவிவிடுவார். கொப்பியில் அவருடைய பக்கம் வெறுமையாகக் கிடந்தது எனக்குப் பெரிய மானப் பிரச்சினை. ஒரு பகல் முழுக்கச் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். நான் சாப்பிடாவிட்டால் வாப்பாவுக்கும் சோறு இறங்காது. "யா அல்லாஹ், இதென்ன தொல்ல!" என்று முன்னால் வந்து குந்தி, வாயைத் திறந்தார்.

இடது கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு.

"இந்தா பாருங்க, சுண்ணாம்பு அப்பிக் கிடக்கு!" என்றேன். பிரஷால் தேய்த்தேன். போகவில்லை. "எரியுது மகள், விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாளும் அது அங்கேயே இருந்தது. உப்புத் தண்ணீரால் கொப்பளிக்க வைத்தேன், ஏசினேன், கெஞ்சினேன். ஒரு கிழமை முழுக்க ஒரே வரிதான்: 'வாப்பா – சுண்ணாம்பு – போகவில்லை.'

அடுத்த தடவை மிஸ் வந்து கொப்பியை வாசித்தார். சாச்சாவின் வரிக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாப்பாவின் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"தேய்ச்சும் போகலயா?"

"இல்ல மிஸ். இப்ப உறைப்பும் சாப்பிட ஏலாதாம்."

ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, "வாப்பாட கையில இன்டைக்கே குடுக்கணும், சரியா?" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பல் தீட்டத் தெரியாத மனிதர் என்று வாப்பாவைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் ஏசப் போகிறார்கள். மாட்டிவிட்டது நான். அன்று பின்னேரம் வாப்பா வேலை முடிந்து வந்து, பேக்கரியில் எனக்கென்று வாங்கிய சீனி பணிஸை நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடிதத்தை மதரஸாப் பையின் அடியில் ஒளித்தேன். ஐந்து நாள் அது அங்கே கிடந்தது. வாப்பாவை விட்டுக்கொடுக்காத பிள்ளை என்று எனக்கு என்மீதே பெருமை.

ஆறாம் நாள் பல் மிஸ் ஸ்கூட்டரில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். கடிதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்னை ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான். வாப்பாவை வெளிச்சத்துக்கு அழைத்து வாயைப் பார்த்தார். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க நானா. பிந்த வேணாம்" என்று சொந்த அண்ணனிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

புத்தளத்துக்குப் போனார்கள், பிறகு கொழும்புக்கு. கன்னத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். வாப்பா வாரக்கணக்கில் கஞ்சி குடித்தார். உம்மா தொழுகைப் பாயிலேயே கிடந்தார். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பல் தீட்டாததற்குப் பெரியவர்களுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று நினைத்து, நான் நாளுக்கு மூன்று தரம் தீட்டினேன். அது புற்றுநோயாக மாறத் தொடங்கியிருந்த புண் என்று எனக்குத் தெரியவந்தபோது நான் ஓ.எல். பரீட்சை எழுதி முடித்திருந்தேன்.

வாப்பா நன்றாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். புகையிலையைத் தொடுவதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவள்தான் நேரத்தோட கண்டுபிடிச்ச. இல்லாட்டி நான் எங்க?" என்பார். நான் தேத்தண்ணி ஊற்றும் சாக்கில் குசினிக்குள் போய்விடுவேன். அந்தப் புண்ணுக்கு இன்னும் ஐந்து நாள் கொடுத்ததும் நான்தான் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.