ஹில்மா அண்ணியின் முன் இருக்கை

என் அண்ணன் ஆர்வோ இருந்தவரைக்கும் ஹில்மா அண்ணி தோணியின் முன் இருக்கையைத் தாண்டியதில்லை. இருபத்தேழு கோடை. அண்ணன் பின்னால் உட்கார்ந்து திசை திருப்புவார், அண்ணி முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவார். "தோணிக்கு முன்னால பாரம் வேணும்ல, அதுக்குத்தான் இவளைக் கூட்டிட்டுப் போறேன்" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அண்ணியும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் மாரடைப்பில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிப்ரவரி மாதம், ஏரியெல்லாம் கல்லாக உறைந்து கிடந்த ஒரு நாள், அண்ணி தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு நேராக என் மளிகைக் கடைக்கு வந்தார். கல்லாப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு வரைபடத்தை விரித்தார்.

"லெம்பி, ஜூலையில முழங்கை ஏரிக்குப் போறேன்."

"யாரோட அண்ணி?"

"என்னோட."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழங்கை ஏரி எங்கள் வடக்கு ஒன்டாரியோ காட்டுக்குள் ஏழாவது ஏரி. அண்ணனும் அண்ணியும் நான்கு தடவை கிளம்பி, நான்கு தடவையும் பாதியில் திரும்பியிருக்கிறார்கள். ஒரு ஏரி முடிந்தால் தோணியைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு, பாறையிலும் சேற்றிலும் நடந்து, அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். தோணி, கூடாரம், சாப்பாட்டு மூட்டை எல்லாவற்றையும் ஒரே நடையில் கடத்துவதுதான் இந்த ஊர் ஆம்பளைகளுக்குக் கௌரவம். இரண்டாம் நடை நடந்தவனைச் சாகும்வரை கிண்டல் செய்வார்கள். அண்ணனும் அந்த வீராப்பில்தான் தினம் ஓர் ஏரி என்று விரட்டுவார். நான்காம் நாள் முதுகு பிடித்துக்கொள்ளும், திரும்பி வருவார்கள்.

அண்ணியின் திட்டம் வேறு. வயது ஐம்பத்தெட்டு, வலது முட்டி சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் தினமும் கூடாரத்தைப் பிரித்துக் கட்டுவதில்லை. மூன்றாம் ஏரியில் ஒரு முகாம், ஆறாம் ஏரியில் ஒரு முகாம், அவ்வளவுதான். முதல் முகாமில் ஐந்து நாள், இரண்டாவதில் ஆறு நாள். அங்கிருந்து ஒரு வேளைச் சாப்பாட்டோடு லேசாகக் கிளம்பி முழங்கை ஏரியைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும். சுமையை மூன்று நடையாகக் கடத்துவார்.

படகுத்துறை வேய்க்கோ அப்போது கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். சும்மா இருப்பானா?

"மூணு நடையா? ஹில்மாக்கா, வெறுங்கையோட திரும்பி வர்றதையும் சேத்தா அஞ்சு தடவை நடக்கணும். ஊருக்குத் திரும்பறதுக்குள்ள பனி விழுந்துரும்!"

"விழட்டும்டா. நீ ஒரே நடையில போய் என்னத்தைக் கண்டே? தலைமேல தோணி கவுந்திருந்தா உன் காலு மட்டுந்தான் தெரியும்."

அதற்குப் பிறகு நான்கு மாதம் அண்ணியை அசைக்க முடியவில்லை. ஓட்ஸ், பன்றிக்கொழுப்பு, கறுப்பு ரொட்டி எல்லாவற்றையும் எடை போட்டு, நாள்வாரியாகப் பையில் கட்டினார். கரடி எட்டாத உயரத்தில் சாப்பாட்டு மூட்டையைக் கட்டித் தூக்க, வீட்டுக்குப் பின்னால் இருந்த மரத்தில் கயிறு எறிந்து பழகினார். முதல் வாரம் கயிறு மரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் விழுந்தது.

ஆனால் என் கையெழுத்து இல்லாமல் அவர் போக முடியாது. காட்டுக்குள் தனியாகப் போகிறவர்கள் என் கடையில் ஒரு தாள் எழுதி வைப்பது வழக்கம். எங்கே தங்குவார்கள், என்றைக்குத் திரும்புவார்கள், வராவிட்டால் எந்த நாள் தேடும் விமானத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும். தாளை வைத்திருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்த உயிருக்கு அவர் பொறுப்பு. ஏற்கெனவே அண்ணனைப் பறிகொடுத்திருந்தேன். அண்ணியையும் விட எனக்கு மனமில்லை.

"காத்தடிக்கிற நாள்ல நம்ம துறைக்கு முன்னால இருக்கற வளைகுடாவைத் தனியாத் தாண்டிக் காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றேன். தாண்டமாட்டார் என்ற தைரியம்தான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. அண்ணி வந்தார். அண்ணனுடைய பின் இருக்கையில் அண்ணன் மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதி தூரம் போகவில்லை. ஆளில்லாத முன்பக்கம் தண்ணீரை விட்டு மேலே எழும்ப, காற்று அதைப் பிடித்துச் சுழற்றியது. அண்ணி வலப்பக்கம் துடுப்புப் போட்டால் தோணி இடப்பக்கம் போனது, இடப்பக்கம் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றியது. துறையில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். வேய்க்கோ மோட்டார் படகில் பாய்ந்து போனான். நானும் ஏறிக்கொண்டேன்.

கைக்கு எட்டியது தோணியின் பின்முனைதான். அதிலேயே கயிற்றைக் கட்டி இழுத்தான். தோணி பின்புறமாக வந்தது.

"ஹில்மாக்கா, முழங்கை ஏரி இந்தப் பக்கமா?" என்று கத்தினான், படுபாவி.

அண்ணிக்கு வந்ததே கோபம்! கயிறு இழுத்த இழுப்பில் பின்முனை ஆட, தவழ்ந்து தன் பழைய முன் இருக்கைக்குப் போனார். முகத்தைப் பார்த்துத் திட்ட வேண்டுமல்லவா? எங்களைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து, வேய்க்கோவின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்ட ஆரம்பித்தார். மூன்றாம் தலைமுறையில் சட்டென்று நிறுத்தினார்.

"வேய்க்கோ, கயித்தை அவுத்து விடு."

"அக்கா, கோவிச்சுக்காதீங்க…"

"அவுத்து விடுடா!"

அவிழ்த்தான். தோணி ஆடாமல் சமமாக நின்றது. முன் இருக்கை முனையிலிருந்து தள்ளி, நடுவுக்கு நெருக்கமாக இருக்கும். அதில் திரும்பி உட்கார்ந்தால் எடை சரியாக விழும், தோணியின் பின்முனை முன்முனை ஆகிவிடும். இரண்டு முனையும் ஒரே வார்ப்பு, தண்ணீருக்கு என்ன தெரியப்போகிறது? அண்ணி துடுப்பைப் போட்டார். கொஞ்சம் தள்ளாடினார், ஆனால் போனார். வளைகுடாவின் அக்கரையைத் தொட்டுவிட்டு வந்தார்.

"இருபத்தேழு வருஷம் உக்காந்த இடந்தான் லெம்பி. அவர் இடத்துல உக்காந்தாத்தான் தனியாப் போக முடியும்னு நெனைச்சுட்டேன் பாரு!" என்று சொல்லி, நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சொன்ன சொல்லை மீற முடியுமா? கையெழுத்துப் போட்டேன். திரும்பும் நாள் ஜூலை இருபது. தகவல் சொல்லும் நாளை இருபத்தொன்று என்று எழுதினேன். அண்ணி அதை அடித்துவிட்டு இருபத்துமூன்று என்று திருத்தினார்.

"காத்து அடிச்சா முகாம்லயே உக்காந்திருப்பேன். அதுக்குத்தான் முகாம். நீ பதறிக்கிட்டு விமானத்தை அனுப்பிச்சே, அப்புறம் உன் மொகத்துல முழிக்க மாட்டேன்."

கிளம்பின அன்று, இப்போது முன்பக்கமாகிவிட்ட அண்ணனின் இருக்கைக்குக் கீழே சாப்பாட்டு மூட்டையைத் திணித்து வைத்திருந்தார். "முன்னால பாரம் வேணும்ல?" என்று கண்ணடித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இருபதாம் தேதி வரவில்லை. இருபத்தொன்றும் வரவில்லை. மேற்குக் காற்று விடாமல் அடித்தது. எத்தனை தடவை தொலைபேசியில் கை வைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் சுவரில் தொங்கிய தாளைப் பார்ப்பேன், கையை எடுப்பேன். "நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்று ஊரே கேட்டது. அப்போதும் எடுத்துப் பேசவில்லை.

இருபத்திரண்டாம் தேதி மாலை நான்கு மணிக்கு வேய்க்கோ துறையிலிருந்து கூப்பிட்டான். வளைகுடாவின் அக்கரையில் ஒரு தோணி, அலையில் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது. காற்று அன்றைக்கும் குறைந்தபாடில்லை. அவன் மோட்டார் படகில் குதித்துச் சாவியைத் தேடினான். சாவியை நான் முன்பே எடுத்துக் கையில் வைத்திருந்தேன்.

"லெம்பி, வெளையாடாத! கவுந்துட்டா?"

"போகக் கூடாது."

"உன் அண்ணிடி!"

"அதனாலதான் சொல்றேன். கயித்தைத் தொட்டே, கையை ஒடிச்சுருவேன்."

சொல்லிவிட்டுச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலைக்குப் பின்னால் தோணி மறையும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டேன். நாற்பது நிமிடம். அண்ணி நேராக வந்து துறையில் முட்டினார். முகமெல்லாம் கொசுக்கடி, உதடு வெடித்திருந்தது. என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார், வேய்க்கோவைப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது.

"பாத்தீங்களா அண்ணி, முழங்கை ஏரியை?"

"ரெண்டு தடவை போனேன்" என்றார். "அவருக்காக ஒரு தடவை."