கோட்டைச் சுவரில் ஒரு வெள்ளைக் கட்டம்

கோட்டையை ஒட்டிய பள்ளிக்கூடச் சுவரில் ஊர்க்காரர்களையே படம் வரையச் சொல்லியிருந்தார்கள். முதல் பூச்சுக்குச் சுண்ணாம்பு கரைத்தார்கள். அந்த வாசனைக்கு எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

அப்போதெல்லாம் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அம்மா சுண்ணாம்பு வாளியோடு கோட்டைக்குப் போவாள். கடலைப் பார்த்த சுவரில் ஒரு கதவளவுக்கு வெள்ளையடிப்பாள். அதைக் குறி பார்த்துத்தான் அப்பா பாறைகளுக்கு நடுவே படகைத் திருப்புவார்.

ஒருநாள் கோட்டைக்குப் புதிதாக வந்த தொல்லியல் அதிகாரி, "பழைய சுவத்த நாசம் பண்றியா?" என்று அதட்டி, அவளையே சுரண்டவைத்தார். அன்று சாயங்காலம் வெள்ளையைத் தேடிக்கொண்டே வந்த அப்பாவின் படகு பாறையில் ஏறி உடைந்தது. அப்பா நீந்திக் கரையேறினார். மறுநாள் காலையில் அம்மா திரும்பவும் வெள்ளையடித்தாள். கோட்டைக் காவலாளி அதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்பா போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. பள்ளிக்கூடச் சுவரில் நான் கோட்டையைக் கல் கல்லாக வரைந்து, அந்த வெள்ளைக் கட்டத்தையும் வைத்தேன். பார்த்தவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள். அம்மா மட்டும் கிட்டே வந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரெண்டு கல்லு தள்ளி தெக்கால போட்டிருக்கடி. உங்கப்பா பாறையில ஏத்திடுவாரு. அழிச்சிட்டு சரியாப் போடு."